என் ரத்தம், அவர் பெயர்

கடற்கரைக் குப்பங்களில் எனக்கு ‘ரத்தம் எடுக்கற சாரு’ என்றுதான் பெயர். சுகாதார ஆய்வாளர் என்ற பதவிப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. யாருக்குக் காய்ச்சல், யார் வெளியூர் போய் வந்தது என்று வீடு வீடாகக் கேட்பேன். விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு வாங்கி, ஒன்றைத் தடிப்பாகவும் ஒன்றை மெலிதாகவும் தேய்த்து, ஓரத்தில் பென்சிலால் எண் போடுவேன். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஆள் பெயரை எழுதி, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து ஆய்வகத்தில் கொடுத்துவிடுவேன். அங்கே சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மலேரியா உண்டா இல்லையா என்று சொல்வார்கள். மாதத்துக்கு இத்தனை தகடு என்று கணக்கு உண்டு. குறைந்தால் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பார்கள். ஐம்பது வயதில் எழுந்து நிற்பது எனக்குப் பிடிக்காது. எனக்குக் கொஞ்சம் கோபமும் அதிகம்.

நான் கடற்கரைக்காரன் இல்லை. முகையூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. குடியிருப்பது திண்டிவனத்தில், வேலை கடலோரத்தில், மனசு மட்டும் எப்போதும் நிலத்தில். அந்த வருடம் கோடையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தேன். மே மாதக் கடைசியில் பிடுங்க வேண்டிய பதம். ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நேரத்தில், ஒரு பெண்கள் கூட்டம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வருவதாக ஒப்புக்கொண்டது. மேற்கே மழை மூட்டம் வேறு. விட்டால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் குப்பத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். விடியும் முன்பே மீன் வாங்கி ஷேர் ஆட்டோவில் திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போய் விற்பவர். வழியில் என்னைப் பார்த்தால் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிக்கொள்வார்.

“சார், எங்கூட்டுக்காரரு மங்களூர்லேர்ந்து வந்துட்டாரு. ரெண்டு நாளா குளுரு காய்ச்சல், ஒடம்பெல்லாம் ஆடுது. வந்து ரத்தம் எடுத்துக்கினு போங்க.”

நம் கடலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் இந்தப் பக்கத்து ஆண்கள் சிலர் மங்களூர் போய் அங்கத்திய விசைப்படகுகளில் வேலை செய்வார்கள். அங்கே மலேரியா உண்டு. மங்களூரிலிருந்து வந்தவன், குளிர்க் காய்ச்சல் என்ற இரண்டு சொற்களைக் கேட்டால் எங்கள் துறையில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட சைக்கிளை எடுத்துவிடுவான். நான் “வர்றேம்மா, நாளைக்கிக் காலையில வர்றேன்” என்றேன். சொல்லும்போதே நாளைக்கு நான் மல்லாட்டைக் கொல்லையில் இருக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாளும் கொல்லையில்தான் இருந்தேன். லீவு எழுதிக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திண்டிவனம் திரும்பினேன். அடுத்த நாள் மாதக் கடைசி. என் கணக்கில் பன்னிரண்டு தகடுகள் குறைந்தன.

அதற்கு ஒரு வழி இருந்தது. மற்றவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. என்னைப் பற்றித் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடமே கண்டுகொண்ட வழி அது. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, பன்னிரண்டு தகடுகளை வரிசையாக வைத்து, இடது கை மோதிர விரலில் குத்திக்கொண்டேன். ஆறு தகட்டுக்குப் பிறகு ரத்தம் நின்றுவிட்டதால் நடுவிரலில் ஒரு குத்து. எல்லாம் ஒரே கைபோல இருக்கக் கூடாதே என்று சிலவற்றைக் கொஞ்சம் கோணலாகத் தேய்த்தேன், சிலவற்றில் சொட்டைச் சிறிதாக விட்டேன். அதில் ஒரு கைத்திறமை இருந்ததாகவே அப்போது நினைத்தேன் என்பதை எழுதத்தான் இப்போது கை கூசுகிறது.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? ஒங்க ஒரு கையிலயே ஒரு குப்பம் குடியிருக்குது போல” என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு பதிவேட்டைத் திறந்து, எண்களுக்கு எதிரே பெயர்களை எழுத ஆரம்பித்தேன். குப்பத்து வீடுகள் எனக்கு மனப்பாடம். ஆறாவதோ ஏழாவதோ பெயராக மங்களூரிலிருந்து வந்தவரின் பெயரை எழுதினேன். காய்ச்சல் உண்டா என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று போட்டேன். அவர் வீட்டுக்கு நாளைக்கோ மறுநாளோ நேரில் போய் நிஜமாகவே எடுத்துவிடலாம், இப்போதைக்குக் கணக்கு நிற்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தகடுகளைக் கொடுத்தேன். அன்று முழுவதும் மாதாந்திர அறிக்கை எழுதுவதில் போயிற்று. செவ்வாய்க்கிழமை மாலை முடிவு வந்தது. பன்னிரண்டிலும் ஒன்றுமில்லை. எப்படி இருக்கும், எனக்குத்தான் மலேரியா இல்லையே.

அன்று மாலையே அந்தப் பெண் போன் செய்தார். “சார், நான் மார்க்கெட்டு போயிருந்தப்ப வந்துட்டுப் போய்ட்டீங்க போலருக்கு. ரிசல்ட்டு வந்துச்சா?”

நான் வரவில்லை என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரே வாக்கியம். ஆனால் என் முன்னால் பதிவேடு திறந்திருந்தது. அதில் அவர் கணவர் பெயர், எதிரே ‘இல்லை’ என்ற சிவப்பு மை. நானே எழுதிய பொய்யை நானே படித்தேன். இன்னொருத்தர் கையெழுத்தோடு திரும்பி வந்தவுடன் அது உண்மைபோலத் தெரிந்தது. “வந்துச்சும்மா. மலேரியாலாம் ஒண்ணும் இல்ல. சாதா வைரல் காய்ச்சலா இருக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கவில்லை, வீட்டுக்குப் போய் அவரைத் திண்டிவனத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், ரத்தம் பார்த்ததற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள், அங்கே கேட்பார்கள் என்றார். குப்பம் அங்கிருந்து கால் மணி நேர நடை. என் பையில் ஊசியும் தகடும் இருந்தன. போயிருக்கலாம். போனால், ஏன் இரண்டாவது தடவை எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து சீட்டை எழுதி, சீலும் குத்திக் கொடுத்தேன். அவர் அதை மடித்து மீன் விற்கும் சுருக்குப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, “தேங்க்ஸ் சார்” என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி போன். குரலே மாறியிருந்தது.

“சார், இவுருக்கு நெஞ்ச அடைக்குது, மூச்சு வாங்குதுன்னாரு. ஈ.சி.ஜி. எடுத்தாங்க. ஹார்ட் அட்டாக்காம் சார். முப்பத்தஞ்சு வயசு ஆளுக்கு ஹார்ட் அட்டாக் எப்டி சார் வரும்? விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கி எடுத்துக்கினு போங்கன்றாங்க. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. நீங்க கொஞ்சம் வாங்க சார்.”

அந்த ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்தேன். கிளம்பவில்லை.

ஒரு போன் போதும். ‘டாக்டர், அந்தச் சீட்டை நம்பாதீங்க, மலேரியா பாருங்க.’ அந்த ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். சீட்டில் என் கையெழுத்து, என் சீல். வேலை போய்விடும் என்பதைவிட, எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே என்பதுதான் முன்னால் வந்து நின்றது. நெஞ்சு வலிதானே, காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது, ஹார்ட் அட்டாக்காகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மனிதனுக்கு மாரடைப்பாக இருக்கட்டும் என்று இன்னொரு மனிதன் வேண்டிக்கொள்வது எவ்வளவு கேவலம் என்பது அப்போது உறைக்கவில்லை. அவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் விழுப்புரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்துக்குப் பிறகுதான், பகல் பன்னிரண்டு மணிக்கு, நான் பஸ் ஏறினேன்.

விழுப்புரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். உள்ளே கண்ணாடிக்கு அப்பால் அவர் கணவர் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். மங்களூர் போகும் முன் என்னை ஒரு கையால் படகில் தூக்கி ஏற்றிய ஆள். கண் மஞ்சளாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. பக்கத்து மானிட்டரில் இதயத்துடிப்பு ஓடிய வேகத்தைப் பார்த்து நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

ஓர் இளம் பெண் டாக்டர் வெளியே வந்தார். என் மகள் வயது இருக்கும். கையில் என் சீட்டு.

“மங்களூர்லேர்ந்து வந்திருக்காரு, ஒரு வாரமா குளிர் ஜுரம், மஞ்சள் காமாலை, தட்டணு ரொம்பக் குறைவு. மலேரியா பாத்தாச்சுன்னு இருக்கு. எப்ப எடுத்தது?”

“இதோ நிக்கறாரே, இந்த சாரு தாம்மா எடுத்தாரு. ஊட்டுக்கே வந்து எடுத்தாரு” என்றார் அந்தப் பெண். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது, தன் கணவனுக்காக ஒருவன் வீடு தேடி வந்தான் என்று.

டாக்டர் என்னைப் பார்த்தார். “அது... ஆரம்பத்துல எடுத்தது மேடம். ஆரம்பத்துல சில சமயம் தெரியாது. மறுபடி ஒருவாட்டி எடுத்துப் பாத்துடுங்க” என்றேன்.

“வந்த ஒடனே எடுத்து அனுப்பிட்டேன் சார்” என்றார் அவர்.

அந்தப் பொய்யால் ஒரு நன்மை செய்ததாக நினைத்துக்கொள்ளக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை அந்த டாக்டர். முடிவு அரை மணி நேரத்தில் வந்தது. மலேரியா. அதிலும் ஆளைக் கொல்லும் வகை.

சிகிச்சையைத் தொடங்கிவிட்டு டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நானும் இதே துறை என்பதால் விளக்கிச் சொன்னார். கிருமி ஏறிய சிவப்பணுக்கள் பசைபோல ஆகி மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். பின்னால் வரும் ரத்தம் போக வழியில்லாமல் நிற்கும். மூளையில் நடந்தால் நினைவு தப்பும், சிறுநீரகத்தில் நடந்தால் சிறுநீர் நிற்கும். அது எனக்குத் தெரியும். “இதயத் தசையிலயும் நடக்கும் சார். அதிகமா பாக்கறதில்ல, அதனால நமக்குத் தோணறதில்ல. காய்ச்சல்ல ஒடம்பு ஏற்கெனவே இதயத்தை ஓட ஓட விரட்டும். ரத்தமும் கொறஞ்சு போயிருக்கும். அந்த நேரத்துல தசையே வீங்கிக் காயப்பட்டா, ஈ.சி.ஜி. பாத்தா ஹார்ட் அட்டாக் மாதிரியே தெரியும். இவருக்குப் பெரிய குழாய்ல அடைப்பு எதுவும் இருக்கறா மாதிரி தெரியல. பம்ப் பண்ற சக்திதான் பாதியா கொறஞ்சிருக்கு. அதான் நுரையீரல்ல தண்ணி.”

காய்ச்சலுக்காக ஏற்றிய சலைனைக்கூட அந்த இதயத்தால் தள்ள முடியவில்லை என்றார். திண்டிவனத்து டாக்டர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றும் சொன்னார். கையில் மலேரியா இல்லை என்று சீட்டு இருந்தால் யாருக்கும் யோசனை வேறு பக்கம்தான் போகும். பிறகு சாதாரணமாக, “ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்” என்றார். என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவருக்கு என்ன தெரியும்.

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். இடது கை மோதிர விரலில் ஞாயிற்றுக்கிழமை குத்திய புள்ளி இன்னும் ஆறாமல் இருந்தது.

ஐந்து நாள் அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியவில்லை. நரம்பு வழியாக மலேரியா மருந்து ஏறியது. இதயத் துடிப்பின் தாளம் இடையில் ஒரு நாள் தப்பியது. அன்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், நீங்க ரத்தம் எடுத்தது, சீட்டு குடுத்தது, இங்க வந்து நிக்கறது, எங்க கூடப் பொறந்தவன்கூட செய்யல” என்று அழுதார். தினமும் பஸ் பிடித்துப் போனேன். பரிவால் என்று அவர் நினைத்தார். ஒருவேளை கணவர் இறந்தால் அந்தச் செய்தி எனக்கு முதலில் தெரிய வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள், மூன்று மாதத்துக்குக் கனமான வேலை கூடாது, வலை இழுக்கக் கூடாது, படகு தள்ளக் கூடாது என்று சொல்லி. இதயம் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், பார்ப்போம் என்றார் டாக்டர்.

இதற்கிடையே எங்கள் ஆய்வகத்தில் வேறொன்று நடந்தது. ஒருவருக்கு மலேரியா உறுதியானால், முன்பு ‘இல்லை’ என்று சொன்ன தகட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வகப் பெண் ஊழியர் நிதானமானவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அந்தத் தகட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தார். நான் வாசலில் நின்றேன். என் ரத்தத்தில் இன்னொருவனுடைய கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுகூடக் கெடைக்கல சார்” என்றார் நிமிர்ந்து. “எனக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சுன்னு நெனைக்கிறேன். ஒரு உசுரு போயிருக்கும் என்னால.”

“ஆரம்பத்துல தெரியாதும்மா. ஒன் மேல தப்பில்ல” என்றேன். மருத்துவ அலுவலரும் அதையே ஏற்றுக்கொண்டார், அந்த ஊழியர் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. ஆனால் அடுத்த வாரமே அவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தகட்டையும் இரண்டு தடவை பார்க்கிறார். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து வாசலில் காத்திருக்கும், இவர் இன்னும் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பார். அதைக் கடந்துதான் நான் தினமும் கையெழுத்துப் போடப் போக வேண்டும்.

குப்பத்தில் வீட்டுக்கு வீடு எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை நிஜமாகவே எடுத்தேன். ஒரு வீடு விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே என்னைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். எங்கள் ரத்தத்தை யாரிடம் விற்கிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. அன்று வரிசையில் நின்றார்கள். கைக்குழந்தையின் பாதத்தைக்கூட நீட்டினார்கள். நல்லவேளையாக வேறு யாருக்கும் இல்லை.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டு பேர் பைக்கில் வந்து அழைத்துப் போனார்கள். ஊர்த் தலைவர் மைக்கைப் பிடித்தார். “நம்ம புள்ளைக்கு ஹார்ட்டுன்னு சொல்லிட்டாங்க. இந்த சாரு தான் விழுப்புரத்துல போய் நின்னுக்கினு, டாக்டரு கையில மறுக்கா ரத்தம் எடுங்கன்னு சொன்னவரு. கேப்பைக் கூழு குடிக்காம சார விடாதீங்க” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வேண்டாம் என்று தடுத்த என் கையைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து அதைக் கட்டிலின் மேல் போட்டேன். என் மனைவிக்கு அந்தச் செய்தித்தாள் விரித்த மேசை நினைவிருந்தது. அவள் சால்வையை மடித்துப் பீரோவுக்குள் வைக்கவும் இல்லை, வெளியே போடவும் இல்லை. கொஞ்ச நாள் அது நாற்காலிக்கு நாற்காலி மாறிக்கொண்டிருந்தது.

மலேரியா வந்தவருக்கு மருந்து முடிந்த பிறகும் குறிப்பிட்ட நாட்களில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கடைசித் தடவை எடுக்கப் போனது கூழ் ஊற்றியதற்கு நாலைந்து நாள் கழித்து. காலை பத்து மணி. அவர் மனைவி இன்னும் மார்க்கெட்டிலிருந்து வரவில்லை. அவர் மட்டும் வீட்டு நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடைக்காலம் முடிந்து மற்ற படகுகள் எல்லாம் போயிருந்தன. கரையில் நின்றது அவருடையது ஒன்றுதான்.

“குந்துங்க சார்” என்று எழுந்தார். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. விரலை நீட்டினார். துடைத்து, குத்தி, தகட்டில் வாங்கினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. மொத தபா நீங்க ரத்தம் எடுத்தீங்களே, அது எனக்கு நெனப்பே வரல. அன்னைக்கி பாயிலதான் கெடந்தேன், எங்கயும் போவல. இவ வந்து, சாரு வந்தாராம், ஒண்ணுமில்லையாம்ன்னா. வெரலெல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்தேன், குத்துன தடமே இல்ல. சரி, சாரு எழுதியிருக்காருன்னா வந்துதான் இருப்பாரு, நமக்குத்தான் ஜொரத்துல புத்தி கெட்டுப் போச்சுன்னு நெனச்சிக்கினேன். டாக்டரு கேட்டப்பகூட எடுத்தாங்கன்னு தான் சொன்னேன். இப்ப ஒடம்பு தேறிக்கினு வருது, ஆனா அது மட்டும் நெனப்பு வர மாட்டேங்குது. மூளைக்கும் ஏதாவது ஆயிருக்குமா சார்?”

தன் விரலைவிட என் கையெழுத்தை அவர் நம்பியிருக்கிறார். இப்போது தன் மூளையைச் சந்தேகப்படுகிறார். இதற்கும் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்க முடியும். காய்ச்சலில் மறதி வரும் என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்தது அதுதான்.

“ஒன் மூளைக்கு ஒண்ணும் இல்ல தம்பி” என்றேன். “நான் வரல. அது ஒன் ரத்தம் இல்ல. என்னுது.”

முழுவதையும் சொன்னேன். மல்லாட்டை, சாப்பாட்டு மேசை, பன்னிரண்டு தகடு, சீட்டு, ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தும் கிளம்பாமல் இருந்தது. அவர் கையில் இருந்த பஞ்சை விரலில் அழுத்தியபடியே இருந்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அதற்கு அவர் உடம்பில் தெம்பு இல்லை, அதையும் எடுத்தவன் நான்தான்.

பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, “ரெண்டு நாள் முன்ன வந்திருந்தா?” என்றார்.

“மாத்திரையிலயே போயிருக்கும்.”

தலையை ஆட்டிக்கொண்டார். கரையில் நின்ற படகைப் பார்த்தார்.

“நான் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன். ஊருலயும் சொல்லிடறேன்” என்றேன். சொல்லும்போது நெஞ்சில் ஒரு பாரம் இறங்குவதுபோலக்கூட இருந்தது.

“வாணாம் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. “ஒங்களுக்காகச் சொல்லல. இங்க நீங்க சொன்னீங்கன்னா, நாளைக்கி இந்தக் குப்பத்துல எவனும் வெரல நீட்ட மாட்டான். அடுத்த வருசமும் மங்களூர் போவாங்க. ஜொரத்தோட வருவாங்க. எனக்கு ஆனது இன்னொருத்தனுக்கு ஆவும். யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஒழுங்கா வந்து எடுங்க, அது போதும்.”

தண்டனையையும் என் கையில் தராமல் அவரே எடுத்து வைத்துக்கொண்டார். அந்த வார்த்தை எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் சொல்லிவிட்டார் என்பதைச் சாக்காக வைத்து ஆய்வகத்துப் பெண்ணிடம் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை. இதில் எல்லாவற்றையும்விட எனக்கு வெட்கம் தருவது அந்த வசதிதான்.

பையை மூடிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி வந்துவிட்டார். விற்காமல் மிச்சமிருந்த மீனில் நல்லதாக நாலைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு என்னிடம் நீட்டினார். “வாணாம்னு சொல்லக் கூடாது சார். யோவ், நீ சொல்லுய்யா. இந்த சாரு இல்லன்னா நீ ஏது?”

அவர் கடலையே பார்த்துக்கொண்டு, “ஆமா” என்றார்.

நான் கவரை வாங்கிக்கொண்டேன்.